மூன்றாவது வளைவு வரைக்கும்

நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே மலை ஏறி மலை இறங்கி டிக்கெட் கிழிக்கிற பெண், சொந்தப் புருஷனின் காரில் உட்கார்ந்தால் மட்டும் மூன்றாவது வளைவில் வாந்தி எடுக்கிறாள் என்றால், அந்தப் புருஷன் எந்த முகத்தோடு நாலு பேர் நடுவில் நிற்பான்?

கல்குவாரியில் இந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். அங்கே அவன் பெயர் கம்ப்ரசர். பாறையில் துளை போடுகிற மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அந்த மிஷினுக்குக் காற்றுக் கொடுக்கிற கம்ப்ரசரும் இவன் குறட்டையும் ஒன்றுதான் என்று ஒருநாள் மத்தியானம் இவன் தூங்கும்போது எவனோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மனைவி பஸ் கண்டக்டர். தெருவில் அவளுக்கும் அதுதான் பெயர்.

"கம்ப்ரசரே, நீ வச்சிருக்கறது காரா, ராட்டினமா?" என்று கேட்பார்கள். கேட்டதில் பொய் இல்லை. கார் பழசு. உயரம் அதிகம், அகலம் குறைவு. நேர் ரோட்டில் நல்ல பிள்ளை. வளைவு வந்தால் குடிகாரன். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் சரிந்து, உள்ளே இருக்கிறவர்களின் குடல் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகும். பஸ்ஸிலும் வளைவு உண்டுதான். ஆனால் பஸ்ஸில் அவள் காலை அகட்டி நின்று, கம்பியில் இடுப்பைச் சாய்த்து, வண்டியோடு சேர்ந்து ஆடுவாள். காரில் அப்படி நிற்க முடியுமா?

இத்தனை நாள் இது சிரிப்பாக இருந்தது. போன வாரம் சிரிப்பு போய்விட்டது.

அவளை டைம்கீப்பராக உயர்த்தி, மலைமேல் இருக்கிற டிப்போவில் போட்டார்கள். விடிவதற்கு முன்னால் அங்கே இருந்து, முதல் பஸ்ஸை அனுப்ப வேண்டும். சாயங்காலம் ஏதாவது ஒரு பஸ்ஸில் இறங்கிவிடலாம். காலையில் ஏறத்தான் வழி இல்லை. முதல் பஸ்ஸை அனுப்புகிறவள் முதல் பஸ்ஸில் எப்படிப் போய்ச் சேர்வாள்?

"மேல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு. லீவு அன்னிக்கு வந்துட்டுப் போறேன்" என்றாள்.

"நான் கார்ல கொண்டுபோய் விடறேன். சங்கு ஊதறதுக்குள்ள குவாரிக்கு வந்துடுவேன்."

"கார்லயா? மூணாவது வளைவுல குடலை எடுத்து வெளிய வச்சிட்டு, மேல போய் நான் எந்தப் பஸ்ஸை அனுப்பறது?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் இருப்பது ரெண்டு பேர். இதில் ஒருத்தி வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி வருவாள் என்றால் மிச்சம் இருப்பது குடும்பமா, லாட்ஜா? இதை வாயைத் திறந்து சொல்ல அவனுக்கு வராது.

இன்னொன்றும் இருந்தது. பாறை மிஷின் அவன் காதில் பாதியைத் தின்றுவிட்டது. கனத்த சத்தம் கேட்கும். கீச்சென்ற சத்தம் எதுவும் அவன் பக்கம் வராது. குருவி, செல்போன் மணி, அடுப்பில் குக்கர் விசில் எல்லாம் ஊராருக்குத்தான். டிவி வெறும் படம். ஆனால் பஸ் நெரிசலில் பின்சீட்டு வரைக்கும் எட்டிப் பழகிய அவள் குரல் மட்டும் ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழும். அவள் மேலே போய்விட்டால் இந்த வீட்டில் அவனுக்கு என்ன கேட்கும்?

அதனால்தான் உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு கம்பியை வாங்கி வந்தான். கார் கம்பெனிக்காரன் வைக்காமல் விட்டது. வேறு எவனோ இந்த வண்டிக்கென்று அளவெடுத்துச் செய்து விற்பது. பின்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற அச்சில் மாட்டி, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தான். அவளுடைய தம்பி. அதே குவாரியில் கல் அரைக்கிற மிஷினின் வாயில் நிற்கிறவன். அவனுக்கும் காது அப்படித்தான். இரண்டு பேரும் பேசினால் சண்டை என்று நினைத்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

"மாமா, அக்காவைக் கார்ல ஏத்தறதுக்குக் கம்பி எதுக்கு? கயிறு போதுமே!"

"வாயை அங்கயே கழட்டி வச்சிட்டு உள்ள வா, மாப்ள."

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட இடம். ஜாக்கி மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. குவாரிக்காரன் கல்லைத்தான் நம்புவான். ஓரம் உடைந்து கழித்துப் போட்ட இரண்டு கல் பாளங்களை, ஒரே உயரம் பார்த்துப் பொறுக்கி, முந்தின நாளே டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பலகையைச் சாய்த்துப் போட்டு, காரைப் பின்னாலேயே ஏற்றினான். மச்சான் பின்னால் நின்று தகரத்தைத் தட்டித் தட்டி வழி சொன்னான். இரண்டு பின்சக்கரமும் பாளத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தன. முன்சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு கல்லைச் செருகினார்கள். தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"சக்கரத்து மேல எடை உக்காந்திருக்கும்போதுதான் மாட்டணுமாம். தொங்க விட்டு மாட்டுனா ஓட்டை சேராதுன்னு கடைக்காரர் சொன்னார்."

"சொன்னது உனக்குக் கேட்டுச்சா மாமா?"

"வாயைப் பாத்துப் புரிஞ்சிக்கிட்டேன்."

பழைய தார்ப்பாயை விரித்து இருவரும் உள்ளே நுழைந்தார்கள். அடுக்களை ஜன்னல் சரியாக அந்தப் பக்கம். கண்டக்டர் பாத்திரம் கழுவிக்கொண்டே வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு காலையும் பார்த்தாள்.

"நாலு காலு வெளிய இருக்கு, ஒரு தலையும் காணோம்னா உள்ள எத்தனை பேரு? டிக்கெட் எடுத்தாச்சா எல்லாரும்?"

"இது பஸ் இல்ல. போ அக்கா!"

கம்பி 'ப' எழுத்து மாதிரி இருந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். நடுப்பகுதி பின்னச்சோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டு முனையிலிருந்தும் சின்னத் தண்டு ஒன்று மேலே போய் வண்டியின் சட்டத்தைப் பிடிக்கும். முதலில் அச்சில் படிந்திருந்த சேற்றைச் சுரண்டினார்கள். பல வருஷத்துச் சேறு. அடை அடையாக வந்து முகத்திலேயே விழுந்தது. மச்சான் துப்பினான். கம்ப்ரசர் துப்பவில்லை. தூளைத் தின்று பழகினவன். சேற்றுக்கு எதற்கு முகம் சுளிப்பான்?

கம்பியைத் தூக்கிப் பிடித்து, இரும்புப் பட்டையை வைத்து, போல்ட்டைக் கையாலேயே ஏற்றினார்கள். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் முடிகிற நேரத்தில் கம்ப்ரசர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கழட்டு" என்றான்.

"ஏன்?"

"ஹேண்ட்பிரேக் ஒயர் கம்பிக்கும் அச்சுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ஓட ஓட அறுத்துடும்."

மச்சான் சொன்ன வார்த்தையை எழுத முடியாது. ஜன்னலிலிருந்து, "உள்ள என்ன வேலை நடக்குதோ, மந்திரம் மட்டும் நல்லா ஓதறான்!" என்று குரல் வந்தது. கழற்றினார்கள். ஒயரை மேலே எடுத்துவிட்டார்கள்.

பட்டைக்குள் கம்பியைப் பிடித்துக்கொள்ள, மஞ்சள் நிறத்தில் கெட்டி ரப்பர் மாதிரி இரண்டு வளையம், புஷ் என்பார்கள். ஒருபக்கம் வெட்டியிருக்கும். வாயைப் பிளந்து கம்பியில் கவ்வ விட வேண்டும். அதோடு ஷாம்பு பாக்கெட் அளவில் ஒரு சின்னப் பை இருந்தது.

"இது என்ன மாமா?"

"கிரீஸ். புஷ்ஷுக்குள்ள தடவணுமாம்."

"தடவட்டா?"

"அறிவிருக்கா? வெளிய தெரியற எடத்துல எவனாவது கிரீஸ் வப்பானா?"

குவாரியில் இது சட்டம் மாதிரி. மூடாத இடத்தில் கிரீஸ் வைத்தால் கல்தூள் வந்து அப்பிக்கொள்ளும். தூளும் கிரீஸும் சேர்ந்தால் அரம். இரும்பையே தின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஷின் மூட்டில் ஆசையாகக் கிரீஸ் தடவி, மேஸ்திரியிடம் அவன் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் காதுக்கு அப்போது எல்லாமே கேட்டது. அதிலிருந்து எந்த மூட்டையும் காய விட்டுத்தான் பழக்கம்.

மச்சான் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தான். வழவழவென்று வெள்ளையாக வந்தது. குதிகாலில் வயல் வெடித்த மாதிரி வெடிப்பு அவனுக்கு. உட்கார்ந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் பதமாகத் தேய்த்தான்.

"நல்லா இருக்கு மாமா. குளுகுளுன்னு இருக்கு."

"தேய். அக்கா வீட்டுச் சீர்னு நெனச்சிக்க."

புஷ்ஷைக் காயவே கவ்வ விட்டு, கம்பியை மறுபடி மாட்டினார்கள். அதன் முனைகளில் இரண்டு இரண்டு ஓட்டை. மச்சானுக்கு உள் ஓட்டைதான் வேண்டும். அப்போதுதான் விறைப்பாக நிற்குமாம். விறைப்பு கூடினால் மழையில் வண்டியின் பின்பக்கம் வீசும் என்று கம்ப்ரசர் வெளி ஓட்டையில் மாட்டினான். பாளத்தின் மேல் எடையோடு வண்டி நின்றதால், சின்னத் தண்டுகள் இரண்டும் சட்டத்து ஓட்டையில் தள்ளாமல் முட்டாமல் போய் நின்றன. பிறகு ஒவ்வொரு நட்டாக முறுக்கினான். "போதும் மாமா, மரை போயிடும்" என்று மச்சான் கத்துகிற வரைக்கும் முறுக்கி, அதற்குமேல் தொடவில்லை.

காரை இறக்கியதும் கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா? கோணக் கம்பி."

"வளைவுல ஒரு பக்கம் கீழ அமுங்குதா, இந்தக் கம்பி இன்னொரு பக்கத்தையும் சேத்துக் கீழ இழுக்கும். ஒரு பக்கத்தைத் தனியா சாய விடாது."

ரெண்டு கையையும் நீட்டி, ஒன்றை இறக்கி, மற்றதையும் இறக்கிக் காட்டினான். அழுக்கும் சேறுமாக, பறக்கப் பார்க்கிற பருந்து மாதிரி இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி. ஒரே ஒரு தடவை ஏறறேன். மூணாவது வளைவு வரைக்கும். அதுக்குள்ள எனக்குக் கொமட்டுச்சுன்னா ரூமுதான். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

"நானும் பின்னாடி வரேன்" என்றான் மச்சான்.

"நீ வேணாம். நான் வாந்தி எடுத்தா நீ குவாரி பூரா மைக் வச்சிச் சொல்லுவ."

கம்ப்ரசர் குளித்து, சட்டை மாற்றி வந்தான். பெண் பார்க்கப் போன நாளுக்கு அப்புறம் இவ்வளவு சுத்தமாகச் சட்டை போட்டதில்லை. அவள் ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் பிளாஸ்டிக் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பழத்தை மூக்கிலேயே வைத்திருந்தாள்.

மலையடிவாரம் வந்தது. முதல் வளைவு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினான். வழக்கமாக இந்த இடத்தில் வண்டி ஒரு பக்கம் சரிந்து, அவள் தோள் கதவில் மோதும். இப்போது வண்டி பிடித்தாற்போல் நின்று திரும்பியது. சீட்டுக்கு அடியில் உருளுகிற தண்ணீர் பாட்டில்கூட இருந்த இடத்தில் இருந்தது. அவனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

இரண்டாவது வளைவு. வண்டி மறுபடியும் சரியாமல் திரும்பியது. ஆனால் அவள் பழத்தை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

போச்சு என்று நினைத்தான். கம்பி, கல்லு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போச்சு. மேலே கட்டில் போட்ட அறையும், கீழே தான் தனியாக உட்கார்ந்து சோறு தின்கிற அடுக்களையும் கண் முன்னால் வந்தன. இன்னும் மெதுவாக ஓட்டினால் தாங்குவாளோ என்று நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான். மூன்றாவது வளைவில் திரும்பும்போது அவள் குனிந்தே விட்டாள். நெற்றி டேஷ்போர்டில் முட்டியது. முதுகு முழுக்கக் குலுங்கியது.

ஓரக் கல்லை ஒட்டி நிறுத்தினான். இறங்கி ஓடி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் பையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"எடுத்துடு. அடக்காத. எடுத்துடு."

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. பஸ் பூரா கேட்கிற சிரிப்பு.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பையை விரித்துப் பிடித்தபடியே நின்றான்.

"உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"என்ன கேக்கலை?"

"வண்டி கத்துதுங்க! ஒவ்வொரு வளைவுக்கும் கத்துது. கீ...ச்சுன்னு, பன்னிக்குட்டியைக் கிள்ளி விட்ட மாதிரி. நீங்க என்னமோ பிளேன் ஓட்டற மாதிரி மூஞ்சியை வச்சிக்கிட்டு ஓட்டறீங்க, பின்னாடி அது கத்துது!"

"ஒரு சத்தமும் இல்லையே."

அவள் மறுபடியும் சிரித்தாள். பிறகு இறங்கி, பின் பம்பரில் ஒரு காலை ஏற்றி, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி ஏறி நின்று வண்டியை ஆட்டினாள். "இப்ப? இப்ப கேக்குதா?" அவன் தகரத்தில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையை வைத்தான். அங்கே இருந்தது. மெல்லிய, நமநமவென்ற நடுக்கம். பாறையில் துளை போடுகிற ஊசி சரியாகப் பிடிக்காமல் வழுக்கும்போது மிஷினின் கைப்பிடியில் தெரிகிற அதே நடுக்கம். காது சொல்லாததைக் கை சொல்லிவிட்டது.

"புஷ்ஷு" என்றான். "காஞ்சு போய் உரசுது. கிரீஸ் தடவியிருக்கணும்."

"ஏன் தடவலை?"

"தூள் ஒட்டும்னு..."

"இங்க எங்க குவாரி இருக்கு? சரி, அந்தக் கிரீஸ் எங்க?"

அவன் பள்ளத்தாக்கைப் பார்த்தான்.

"உன் தம்பி குதிகால்ல."

அவள் பம்பரிலிருந்து இறங்கி, ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. இறங்கி வந்த லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, கையில் விரித்த பிளாஸ்டிக் பையோடு நடுரோட்டில் நின்று சிரிக்கிற ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் சுற்றிலும் பார்த்தாள். ஓரக் கல்லுக்குப் பின்னால் ஒரு செடி, தழைத்து நின்றது.

"இது மூணாவது வளைவுதானே?"

"ஆமா."

"இந்தச் செடி நான் உரம் போட்டு வளத்தது." எட்டி அதன் இலையைத் தொட்டாள். பிறகு கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். யாருடைய வயிற்றையோ சோதிக்கிற மாதிரி வெகுநேரம் வைத்திருந்தாள். "ஒண்ணும் பண்ணலையே."

அவன் கையிலிருந்த பையை மெதுவாக மடித்தான்.

"ஏறுங்க. மேல வரைக்கும் போய்ப் பாத்துடலாம்."

உட்கார்ந்ததும் கதவின் வெளிப்பக்கம் தட்டினாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, ரெண்டு தட்டு என்றால் கிளம்பு. இத்தனை வருஷ வேலையில் கைக்குப் பழகினது. இரண்டு தட்டு விழுந்தது. அவன் கிளப்பினான்.

மேலே டிப்போவில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. வாட்ச்மேன் கேட் வரைக்கும் வந்து, காரின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ் வளைவுல இருந்தே கேட்டுச்சு. ஏதோ குட்டி சிக்கிக்கிச்சோன்னு பயந்துட்டேன்."

"குட்டி இல்லண்ணே, கம்பி. என் வீட்டுக்காரர் கையால மாட்டினது." பெருமையாகச் சொன்னாளா, கிண்டலாகச் சொன்னாளா என்று கம்ப்ரசருக்குப் பிடிபடவில்லை.

வாட்ச்மேன் அறையைத் திறந்து காட்டினார். சுவரோரம் இரும்புக் கட்டில், ஃபேன், கம்பி போட்ட ஜன்னல். கட்டிலில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். ரெண்டு பேர் படுத்தால் ஒருத்தர் விழ வேண்டியதுதான். கம்ப்ரசர் வாசலிலேயே நின்றான். அவள் உள்ளே போய், கட்டிலை ஒரு கையால் அழுத்திப் பார்த்தாள். அது கிறீச்சிட்டிருக்கும் போல. அவள் திரும்பி அவனைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"நாளையிலேர்ந்து இங்கயே தங்கறீங்களாம்மா? போர்வை எடுத்து வைக்கட்டுமா?"

"இல்லண்ணே. ராத்திரி வண்டி ஓட்டிட்டு வர்ற டிரைவர் யாராவது படுக்கட்டும். நான் கீழேர்ந்து வந்துடுவேன்."

சாவியை வாங்காமல் வெளியே வந்தாள். கம்ப்ரசர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். போய்க் கார் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். ஏற்கனவே துடைத்த கண்ணாடிதான்.

மலை இறங்கும்போது கேட்டான்.

"கம்பியாலதான் கொமட்டலையா? இல்ல அந்தச் சத்தத்துல சிரிச்சு மறந்துட்டியா?"

"தெரியல."

"நாளைக்குச் சாயங்காலம் கிரீஸ் வாங்கிப் போட்டுடறேன். சத்தம் நின்னுடும்."

"போடுங்க. ஆனா ஒரு வாரம் கழிச்சுப் போடுங்க. முதல்ல உடம்பு பழகட்டும்."

"அது வரைக்கும் ஊர் சிரிக்குமே?"

"இத்தனை நாள் நான் வாந்தி எடுத்ததுக்குச் சிரிச்சாங்க. இப்ப வண்டி கத்தறதுக்குச் சிரிக்கட்டும்."

எலுமிச்சம்பழம் டேஷ்போர்டின் மேல் கிடந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வளைவு வந்தது. பழம் அரை உருளல் உருண்டு நின்றது. கம்ப்ரசருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, வண்டி கத்துகிறது என்று தெரிந்துகொண்டான்.